மோட்டார் மூடியில் நின்ற மரம்

ஓடிப்போனாளாம்! யார் ஓடினது, எங்கே ஓடினது? இரண்டு கையிலும் ஒரு மரத்தை ஏந்திக்கொண்டு உலகத்தில் யாராவது ஓட முடியுமா? ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தடிக்குள் மண் சிந்தும், இருபதடிக்குள் இலை உதிரும். எதிர்வரிசை லாண்டரிக் கடைக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் யார் வீட்டுச் சட்டையில் எந்தக் கறை எப்படி வந்தது என்பதுதான். "நாப்பத்தாறு வயசுல ஒருத்தி வீட்டை விட்டுப் போறான்னா சும்மாவா போவா? தோட்டத்துல யாரோ இருக்காங்க, அதான்" என்று இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கிற கையோடு கதையையும் தேய்த்து மடித்து, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கொடுத்தனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

தோட்டத்தில் ஒருவர் இருப்பது உண்மைதான். இல்லையென்று யார் சொன்னது? அந்த ஒருவருக்கு வயது அறுபத்திரண்டு. சீசாவின் அடியைப்போலத் தடித்த மூக்குக் கண்ணாடி. வாயைத் திறந்தால் திட்டு. முக்கியமாக, அது ஒரு பெண்பிள்ளை. போதுமா?

சரி, முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

அவளைச் சுருளக்கா என்றால்தான் தெருவில் தெரியும். தலைமுடி சுருட்டை, தொழிலும் சுருட்டுகிற தொழில். தெருமுனையில் அவளுடைய அண்ணன் வைத்திருந்த மோட்டார் வைண்டிங் கடையில், எரிந்துபோன மோட்டார்களின் வயிற்றைத் திறந்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பவள் அவள். பதினேழு வயதில் அந்த மேசை முன்னால் உட்கார்ந்தவள், இருபத்தொன்பது வருஷம் எழுந்திருக்கவில்லை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் பதினாறு படி, உச்சியில் ஒரு மொட்டைமாடி. அவ்வளவுதான் அவளுடைய உலகம். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பெரிய ஆர்டர் வந்து குறுக்கே விழுந்தது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அழுது சொன்னதில்லை.

அண்ணனும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை, அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சோற்றிலோ துணியிலோ அவளுக்குக் குறை வைத்ததில்லை. அவளுக்கென்று ஒரு ஆசை இருக்கும் என்பதுதான் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. அப்புறம் மற்றவரைக் குறை சொல்லி என்ன?

நகரத்தின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஒரு பெரிய பூங்கா. அதற்குள் ஒரு கண்ணாடி வீடு. அங்கே பனிபோலத் தண்ணீர் தூவுகிற பம்பின் மோட்டார் எரிந்துபோய்க் கடைக்கு வந்தது. சுற்றி முடித்த அன்றைக்குப் பார்த்து, அதைக் கொண்டுபோய் மாட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல். "நீயே போய் மாட்டிட்டு ஓட விட்டுப் பாத்துட்டு வந்துடு" என்றான் அண்ணன். வேன் டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் மோட்டாரோடு அவள் போனாள்.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தவள் மோட்டாரை மறந்தாள். பலகை பலகையாக மரங்கள். மரமென்றால் நிஜ மரம். அடிபெருத்து, பட்டை வெடித்து, கிளை பரப்பி நிற்கிற மரம். ஆனால் எல்லாம் முழங்கை உயரம். ஒன்றின் முன்னால் அவள் குந்தி உட்கார்ந்து, கிளைகளுக்கு அடியிலிருந்து மேலே பார்த்தாள். நூறு வருஷத்து மரத்தடியில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. அடிமரம் அவள் மணிக்கட்டைவிடப் பருமன். வேர்கள் கோழிக்கால் விரல்களைப்போல மண்ணைப் பற்றிக்கொண்டு நின்றன. அவள் குந்தின இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"மோட்டாரைப் பாக்க வந்தியா, மரத்தைப் பாக்க வந்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தடித்த கண்ணாடிக்காரி. அந்தக் கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பு அவள்தான்.

"இது என்ன மரம்மா?"

"ஃபைகஸ். ஆலமரத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கோ. தொடாதே."

"எங்க வாங்கினீங்க?"

"இதையா? இப்படி வாங்க முடியுமா? பண்ணினது. சூப்பர் மார்க்கெட்ல துடைப்பத்துக்குப் பக்கத்துல ஒரு செடி வாடிப்போய் நிக்கும் பாரு, அதுதான் இது. வெட்டி, வளைச்சு, காத்திருந்து பண்ணினது."

மோட்டாரை மாட்டி ஓட விட்டாள். கண்ணாடி வீடு முழுக்கப் பனி இறங்கியது. கண்ணாடிக்காரி 'நல்லது' என்றுகூடச் சொல்லவில்லை. தன் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டு கத்தரியைத் துடைத்தாள். "என்கிட்ட உதவிக்கு இருக்கறவர் பதினெட்டு மாசத்துல ஓய்வு வாங்கிட்டுப் போறாராம். வேலை கேட்டு வர்றவங்க எல்லாம் படிச்ச காகிதத்தை நீட்டறாங்க. காகிதத்துக்கா தண்ணி ஊத்தப் போறேன்? கடைச் செடி ஒண்ணை எடுத்து, தன் கையால மரமாக்கிக் கொண்டாரட்டும். யாரோடது எனக்குப் பிடிக்குதோ அவங்களுக்கு வேலை. பின்னால அறை இருக்கு. விடியறப்ப தண்ணி தெளிக்கணும், அதனால இங்கயேதான் தங்கணும்."

"படிக்காதவங்க வரலாமா?"

கேட்ட பிறகுதான் கேட்டது தன்னுடைய வாய் என்று சுருளக்காவுக்குத் தெரிந்தது.

கண்ணாடிக்காரி அவளை முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், மரம் உன்னைப் படிச்சுக் காட்டச் சொல்லுமா?"

திரும்பும் வழியில் சூப்பர் மார்க்கெட் வாசலில் வேனை நிறுத்தச் சொன்னாள். துடைப்பம், வாளி, தரை துடைக்கிற திரவம். அதற்கு அடுத்து, சொன்னபடியே, ஒரு செடி. பளபளவென்று தங்கக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, தள்ளுபடிச் சீட்டு ஒட்டி. உடம்பெல்லாம் குச்சி, உச்சியில் மட்டும் பத்து இலை. குடையை மடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப்போல இருந்தது. ஒரு துடைப்பத்தின் விலைகூட இல்லை. "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டான் டிரைவர். "எனக்குத்தான்" என்றாள். பொய். ஆனாலும் முகத்தைப் பார்த்து அவன் நம்பிவிட்டான்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் எதையும் மூடி மறைக்கவில்லை. இந்தச் செடியை மரமாக்கப் போகிறேன், பதினெட்டு மாதத்தில் கொண்டுபோய்க் காட்டுவேன், பிடித்திருந்தால் அந்த வேலைக்குப் போவேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். இதைத்தான் திருட்டுத்தனம் என்கிறார்கள்!

அண்ணன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரைக்கேறியது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? செடியைச் சொல்லலே, உன்னைச் சொன்னேன்."

"கம்பி போட்டா எல்லாம் வளையும்ணே. இருபத்தேழு வருஷமா அதைத்தானே பண்றேன்."

"இங்க உனக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அண்ணி.

"ஒரு குறைச்சலும் இல்லை அண்ணி. அதான் போகலாம்னு பாக்கறேன்."

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அண்ணி இரண்டு நாள் யோசித்தாள்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதம். மாடியில் ஒரு பழைய சாக்கை விரித்து, தங்கக் காகிதத்தை உரித்து, தொட்டியைத் தட்டிச் செடியை வெளியே எடுத்தாள். எடுத்தவள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். தொட்டிக்குள் மண்ணே இல்லை, வேர்தான். இடமில்லாமல் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி, சுற்றியதன் மேலேயே மறுபடியும் சுற்றி. "யாரோ வைண்டிங் பண்ணி வச்சிருக்காங்க அண்ணி, வந்து பாருங்களேன்!"

மோட்டாருக்குள் இருக்கிற ஒடுங்கிய பள்ளங்களில் கம்பியைத் தள்ளுவதற்கு அவளிடம் ஒரு மூங்கில் பட்டை உண்டு, அவள் விரலுக்கு ஏற்றபடி தேய்ந்தது. அதை வைத்தே வேரைச் சிக்கெடுத்தாள். அரைநாள். மண்ணைத் தண்ணீரால் கழுவக் கழுவ, செடி கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே போனது! அடிமரம் என்று வெளியே தெரிந்ததெல்லாம் கழுத்து. உடம்பு மண்ணுக்குள் இருந்தது. இரண்டங்குல ஆழத்தில் அடிமரம் அகன்று, அங்கிருந்து நாலு தடித்த வேர்கள் நாலு திசைக்கும் பிரிந்தன. கண்ணாடி வீட்டில் பார்த்த அதே கோழிக்கால்! யாரோ மறைத்து வைத்த புதையல் கையில் தட்டுப்பட்டதுபோல அவள் மாடியிலேயே ஒரு குதி குதித்தாள். கீழே கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து அண்ணன் தலையில் விழுந்தது.

அடுத்தது வெட்டு. தெருவில் முதல் பேச்சு கிளம்பியது இதில்தான். செடி ஒரு கை நீளம். அவள் அளந்து பார்த்து, ஒரு சாணுக்கு மேல் இருந்த அத்தனையையும் ஒரே வெட்டாக வெட்டினாள். பத்து இலையும் போயிற்று. வெட்டின வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது. மாடியில் துணி உலர்த்த வந்த அண்ணிக்கு மயக்கமே வந்துவிட்டது. "அடிப் பாவி, நல்லா இருந்த செடியை வாங்கி வந்து கொன்னுட்டியே!" அந்தச் சத்தம் எதிர்வரிசைக்குக் கேட்டது. லாண்டரிக் கடைக்காரி தலையை நீட்டினாள். அன்றிலிருந்து சுருளக்காவுக்கு மூளை குழம்பிவிட்டதாகச் செய்தி.

குழம்பாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் தெளித்துப் பாலை நிறுத்தினாள். தொட்டி வேண்டுமே, அகலமாகவும் ஆழமில்லாமலும்? கடை மூலையில் உடைந்த பெரிய மோட்டாரின் அலுமினிய மூடி ஒன்று கிடந்தது. கவிழ்த்தால் மூடி, நிமிர்த்தினால் தட்டு. நடுவில் தண்டு போகிற ஓட்டை. தண்ணீர் வடிய அதைவிட வேறென்ன வேண்டும்? ஓரத்தில் போல்ட் ஓட்டை நாலு. மரம் ஆடாமல் கம்பி கொடுத்துக் கட்ட அதுவும் ஆயிற்று. நடு ஓட்டையில் வலைத்துண்டு போட்டு, சலித்த மணலும் செங்கல் நொறுக்கும் கலந்து, வேரை விரல் விரலாக விரித்து நட்டாள். மொட்டைக் குச்சி ஒன்று மோட்டார் மூடியில் நின்றது.

மூன்று வாரம். இருபத்திரண்டாம் நாள் காலையில் வெட்டின வாய்க்குக் கீழே பச்சையாக ஒரு புள்ளி. மறுநாள் மூன்று. அதற்கப்புறம் கணக்கில்லை. பட்டையைப் பிளந்துகொண்டு நினைத்த இடத்திலெல்லாம் முளைத்தது. அவற்றில் வேண்டியதை வைத்து வேண்டாததைக் கிள்ளினாள். முன்பக்கம் வலதுபுறமாக ஒன்று மட்டும் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு விரல் தடிமனுக்கு நீண்டது. கண்ணாடி வீட்டு மரத்திலும் அப்படித்தான், கீழ்க்கிளை ஒன்றுதான் மரத்துக்கே அழகு கொடுத்தது. இதுதான் என் ராஜா கிளை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கடையில் கம்பி சுற்றும்போதுகூட அவள் வாய் பாட்டு முணுமுணுத்தது. அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இது எப்பலேர்ந்து?"

ஒன்பதாம் மாதம் கிளையை வளைக்கக் கம்பி போட்டாள். எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, நெருப்பில் வெந்து பதமானது, நூல் மாதிரி வளைந்து கொடுக்கும். கம்பி விஷயத்தில் அவளுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? ராஜா கிளையை இழையோடு இழை ஒட்டி, நடுவில் மயிரிழை இடைவெளி இல்லாமல், இழுத்துச் சுற்றினாள். மோட்டாருக்கு அப்படித்தான் சுற்ற வேண்டும். அண்ணனே மாடிக்கு வந்து பார்த்து, "கம்பெனி வைண்டிங் தோத்துது போ" என்றான். அவன் வாயால் வந்த முதல் பாராட்டு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தொழில்காரி செய்கிற தப்பு தொழிலில் இருந்துதான் வரும். மோட்டார் கம்பி வளராது, கிளை வளரும். நாலு மாதம் கழித்து ராஜா கிளையின் நுனி இலைகள் மஞ்சளித்தன. கிட்டப்போய்ப் பார்த்தால், கிளை பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்து, மூச்சுவிட இடமில்லாமல் செம்புச் சட்டைக்குள் வெந்துகொண்டிருந்தது. பதறிக் கம்பியை எடுக்கப் போனாள். அங்கேதான் இரண்டாவது தப்பு. துண்டு துண்டாக வெட்டி எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்தக் கடையில் முழுக் கம்பியை வெட்டுவது என்பது சோற்றைக் கீழே கொட்டுகிற மாதிரி. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், கை தானாகவே அவிழ்க்கத் தொடங்கிவிட்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. இன்னும் மூன்றே சுற்று இருக்கும்போது, டப்.

கம்பி முழுசாகக் கையில் இருந்தது. கிளையும் கையில் இருந்தது.

இறங்கிவந்து மேசையில் உட்கார்ந்தாள். பாட்டில்லை. அண்ணன் கேட்டதற்கு, "உடைஞ்சிடுச்சு" என்றாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது. அதனால் அன்றைக்கு அவன்தான் டீ போட்டுக் கொடுத்தான். இருப்பதோ ஐந்து மாதம். புதிதாக ஒரு ராஜா கிளை வர ஒரு வருஷமாவது ஆகும்.

நாலு நாள் அவள் மாடிப் பக்கம் போகவில்லை. அண்ணிதான் செடி காய்ந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் ஊற்றினாள். மாடியைப் பெருக்கும்போது மூடியைத் தூக்கி மூலையில் தள்ளி வைத்தாள். எப்படி வைத்தாள், எந்தப் பக்கம் பார்க்க வைத்தாள் என்பதெல்லாம் அவள் கவனித்தாளா என்ன! ஐந்தாம் நாள் காலை சுருளக்கா மேலே வந்தாள். மரத்தைத் தூக்கி எறியத்தான் வந்தாள், பொய் சொல்வானேன். வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

மரம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த முதுகு எவ்வளவு அழகாக இருந்தது!

முன்னாலிருந்து பார்த்தபோது அடிமரம் பின்னால் சாய்ந்து, ஏதோ பயந்து விலகுகிற மாதிரி இருந்தது அவளுக்கு எப்போதும் ஒரு உறுத்தல். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அதே அடிமரம் குனிந்து, 'வா, வந்து உட்கார்' என்றது. அசிங்கம் என்று அவள் பின்னால் ஒளித்திருந்த முண்டு வேர் முன்னங்காலாக நின்றது. சோம்பேறி என்று அவள் கம்பிகூடப் போடாமல் விட்டிருந்த ஒரு சின்னக் கிளை, இப்போது இடதுபக்கம் தானாகவே தாழ்ந்து நீண்டிருந்தது. ஒடிந்த இடமோ அந்தப் பக்கம் போய்விட்டது. பதின்மூன்று மாதமாக மரத்தின் முதுகோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்!

"அண்ணி! அண்ணி! இதை யார் திருப்பி வச்சது?"

"ஐயையோ, நான்தான். தப்பா வச்சுட்டேனா?"

சுருளக்கா அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். அண்ணி கையில் துடைப்பத்தோடு சுற்றினாள். லாண்டரிக் கடைக்காரி இதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்பதை எழுத வேண்டியதில்லை.

இந்தத் தடவை கம்பியைச் சாய்வாக, விரல் நுழைகிற இடைவெளி விட்டு, தளர்வாகச் சுற்றினாள். வாரத்துக்கு இரண்டு நாள் தூக்கிப் பார்த்தாள். புதையத் தொடங்கியதும் கட்டரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, துண்டு துண்டாக வெட்டினாள். கடைக்குள் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் தன் விரலையே வெட்டுகிற மாதிரி முகத்தைச் சுளித்தான்.

கடைசி ஒன்றரை மாதம்தான் பெரிய சோதனை. மரம் சாண் உயரம், இலையோ உள்ளங்கை அகலம். குழந்தைக்குப் பெரியவர் செருப்பை மாட்டின மாதிரி. நல்ல வெயில் காலத்தில் எல்லா இலையையும் ஒன்று விடாமல் கத்தரித்தால், அடுத்து வருகிற இலை சின்னதாக வரும் என்று கண்ணாடி வீட்டில் இருந்தபோதே அவள் காதில் விழுந்திருந்தது. பலமான மரம் தாங்கும், பலமில்லாதது போய்ச் சேரும் என்பதும் சேர்ந்தே விழுந்திருந்தது. காம்பை மட்டும் விட்டு, நூற்று எழுபது இலையையும் கத்தரித்தாள். மறுபடியும் மொட்டை.

அண்ணன் இப்போது சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்த நாளுக்குள்ள இலை வந்தா போ, நான் தடுக்க மாட்டேன். வரலேன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக்கூடாது."

"எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"நான் என்னிக்கு ரெண்டு வார்த்தை பேசினேன்?"

ஒரு வாரம். ஒன்றுமில்லை. காம்புகள் உதிர்ந்தன. பத்தாம் நாள், ஒன்றுமில்லை. பதின்மூன்றாம் நாள் அவள் பூதக்கண்ணாடியும் வெளிச்சமும் வைத்து ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தாள். ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆசை கண்ணை மறைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிவந்து வேலையில் உட்கார்ந்தாள்.

பதினைந்தாம் நாள் கடையில் மூன்று இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலையும் மீறி மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். பதினாறு படியையும் எட்டே தாவலில் தாண்டி வந்து நின்றது அண்ணி! மூச்சு வாங்கியது. கையை மேலே காட்டினாள்.

"என்ன? வீடு பத்திக்கிச்சா?" என்றான் அண்ணன்.

"இலை! டேய்... ஐயோ, என்னங்க... இலைங்க! குண்டூசி முனை மாதிரி! எல்லா எடத்துலயும்!"

கல்யாணமான நாளிலிருந்து கணவனை அவள் டேய் என்று சொன்னது அன்றைக்கு ஒரு தடவைதான். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சுருளக்கா படியேறிய வேகத்தில் அவளுடைய செருப்பு ஒன்று கீழேயே நின்றுவிட்டது. குண்டூசி முனைதான், ஆனால் எத்தனை! நூறு, நூற்றைம்பது. ஒரு வாரத்தில் அத்தனையும் பிரிந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. மினுமினுவென்று. மரம் சட்டென்று பத்து மடங்கு பெரிதாகிவிட்டது, ஒரு அங்குலம்கூட வளராமல்.

சொன்ன நாளில் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். "மரத்துக்கும் டிக்கெட் எடுக்கணுமா?" என்று கண்டக்டரைக் கேட்டாள். "மரத்துக்கு வேண்டாம், நிழல்ல நான் நின்னுக்கறேன், அது போதும்" என்றான் அவன்.

கண்ணாடி வீட்டில் மூன்று மரம் ஏற்கெனவே வந்திருந்தது. நல்ல பீங்கான் தட்டுகளில், மேலே பாசி விரித்து. அவளுடையது மட்டும் மோட்டார் மூடியில். கண்ணாடிக்காரி ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, கொண்டுவந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எத்தனை கிளை உடைச்சே?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணுகூட உடையலைங்க."

"ரொம்ப ஜாக்கிரதையா பண்ணினேங்க."

சுருளக்காவின் முறை வந்தது. மரத்தைச் சுற்றிப்போய்ப் பின்பக்கத்து வடுவை விரலால் தடவிவிட்டுத்தான் கண்ணாடிக்காரி கேட்டாள்.

"எத்தனை?"

"ஒண்ணு. இருந்ததுலயே நல்லது."

"எப்படி?"

"கம்பியை வெட்ட மனசு வரலை. அவிழ்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் முதுகை முகமாக்கிட்டேன். வேற முகம் இல்லையே, என்ன பண்ண?"

கண்ணாடிக்காரி நிமிர்ந்தாள். தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். "தட்டு படு கேவலமா இருக்கு" என்றாள். "இது மரம்னு பேர் வாங்க இன்னும் பத்து வருஷம் ஆகும். பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும். திங்கக்கிழமை வந்துடு. உடைச்சதே இல்லேங்கறவங்க கையில என் மரத்தை என்னால குடுக்க முடியாது. அவங்க முதல்ல உடைக்கறது என் மரமா போயிடும்."

திட்டா பாராட்டா என்று தெரியாமல் சுருளக்கா இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் பஸ்ஸில் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மடியில் மரமும் சேர்ந்து குலுங்கியது.

திங்கட்கிழமை. காலை பத்து மணி. தெருவில் போக வர ஆள் இருக்கிற நேரம். தோளில் ஒரு துணிப்பை, அதில் நாலு உடுப்பும் மூங்கில் பட்டையும். கையில் மரம். படியிறங்கி வந்தாள். அண்ணன் அவளுடைய மேசையில் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. சுற்று எல்லாம் கோணல். "இடது கைக் கட்டைவிரலை வச்சு அழுத்துண்ணே" என்றாள். அழுத்தினான். இழை நேரானது. அப்போதும் நிமிரவில்லை.

கடைக் கதவு இரட்டைக் கதவு. தினமும் திறப்பது ஒன்றைத்தான், ஓர் ஆள் நுழைகிற அகலம். கொண்டுபோய்க் காட்டின அன்றைக்குக் கிளையைத் துணியால் இழுத்துக் கட்டியிருந்தாள்; இன்றைக்குக் கட்ட மனசு வரவில்லை, அந்த ஒற்றை வழியில் மரம் நுழையவில்லை. தாழ்ந்த இடதுகிளை நாலு விரல் வெளியே நின்றது. நேராக வைத்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து பார்த்தாள். அண்ணி கதவை வயிற்றால் தள்ளிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, இலை, இலை!" என்று கத்தினாள்.

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டாவது கதவின் கீழ்த்தாழ் துருவேறி இறுகிக் கிடந்தது. பெரிய மோட்டார் வந்தால் மட்டும் திறக்கிற கதவு அது. நாலு அடி அடித்தான். ஐந்தாவது அடியில் தாழ் எகிறியது. கதவை இழுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். குரல் பெரிதாக வந்தது.

"வழி விடு, வழி விடு! பெரிய மோட்டார் வெளிய போகுது!"

அண்ணி சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். சுருளக்கா மரத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, இரண்டு கதவுக்கும் நட்டநடுவில், ஒரு இலைகூட எதிலும் உரசாமல், வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.